உணவுக்குழாய்ப் புற்றுநோயில் இரத்தத்தின் அழற்சி அளவுகள்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

முதலில் சோறு நெஞ்சுக்குழியில் நிற்கும். ஒரு வாய் தண்ணீர் குடித்தால் இறங்கிவிடும். சில வாரங்களில் இட்லியும் நிற்கும். கஞ்சி மட்டும் இறங்குகிறது என்ற நிலை வந்த பிறகுதான் பலர் எண்டோஸ்கோப்பிக்கே வருகிறார்கள். பயாப்சி முடிவு வந்து, ஸ்கேனும் எடுத்தாகிவிட்ட ஓர் இரவில், வீட்டில் யாராவது ஒருவர் இரத்தப் பரிசோதனைச் சீட்டுகளைப் பரப்பி வைத்துக்கொண்டு இணையத்தில் தேட உட்காருவார். என்.எல்.ஆர். (இரண்டு வகை வெள்ளை அணுக்களின் விகிதம்) கூடினால் ஆயுள் குறையும் என்ற வரிதான் முதலில் கண்ணில் படும். அப்படித் தேடுகிறவரை நினைத்து எழுதிய பக்கம் இது.

கணக்குப் போட்டுப் பார்க்க ஒரு கற்பனைச் சீட்டை வைத்துக்கொள்வோம். மொத்த வெள்ளை அணுக்கள் 9,000. பாலிமார்ஃப் 72 சதவீதம், லிம்போசைட் 18 சதவீதம். பிளேட்லெட் 3.2 லட்சம். ஆல்புமின் டெசிலிட்டருக்கு 3.4 கிராம். சி.ஆர்.பி. லிட்டருக்கு 18 மில்லிகிராம்.

கட்டி இருப்பது உணவுக்குழாயில். இரத்தத்தில் எதைத் தேடுகிறார்கள்?

கட்டியைத் தேடவில்லை, கட்டியைக் கண்டு உடம்பு என்ன செய்கிறது என்று பார்க்கிறார்கள். ஆறாத புண் ஒன்று உள்ளே இருந்தால் உடம்பு எப்படி நடந்துகொள்ளுமோ, கிட்டத்தட்ட அப்படித்தான் புற்றுநோய்க் கட்டியிடமும் நடந்துகொள்கிறது. கட்டித் திசுவுக்குள் வெள்ளை அணுக்கள் குவிந்து கிடப்பதை ஜெர்மானிய நோய்க்குறியியல் அறிஞர் ருடால்ஃப் விர்ச்சோ 1863இலேயே கவனித்துவிட்டார்.

கட்டியும் அதைச் சுற்றியுள்ள அணுக்களும் இன்டர்லூக்கின்-6 போன்ற சேதி மூலக்கூறுகளை இரத்தத்தில் விடுகின்றன. கல்லீரலுக்கு அந்தச் சேதி எட்டியதும் சி.ஆர்.பி. என்ற புரதத்தைக் கூடுதலாகவும் ஆல்புமின் என்ற இன்னொரு புரதத்தைக் குறைவாகவும் தயாரிக்கத் தொடங்குகிறது. எலும்பு மஜ்ஜை நியூட்ரோஃபில் என்ற வெள்ளை அணுக்களையும், இரத்தத்தை உறைய வைக்கும் பிளேட்லெட்டுகளையும் அதிகமாக அனுப்புகிறது. கட்டியை எதிர்த்து நிற்க வேண்டிய லிம்போசைட் என்ற வெள்ளை அணுக்களோ குறைகின்றன.

உணவுக்குழாய் விஷயத்தில் இன்னும் சில காரணங்கள் சேர்ந்துகொள்கின்றன. கட்டியின் மேற்பரப்பு புண்ணாகி, வாயிலிருந்து இறங்கும் கிருமிகளுக்கு இடம் கொடுக்கிறது. விழுங்கியது புரையேறி நுரையீரலுக்குள் போய் நிமோனியா வருகிறது. வாரக்கணக்கில் சரியாகச் சாப்பிடாமல் உடம்பு கரைகிறது. இவை எல்லாமே அதே அளவுகளை அதே திசையில்தான் தள்ளும். இதை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். கீழே வரும் பாதிப் பதில்களுக்கு இதுதான் அடிப்படை.

என்.எல்.ஆர். என்றால் என்ன? எங்கள் சீட்டில் அப்படி எதுவுமே இல்லையே?

பெரும்பாலும் இருக்காது. நீங்களே போட்டுக்கொள்ளக்கூடிய வகுத்தல் கணக்கு அது. தமிழ்நாட்டில் காய்ச்சல் என்று போனாலே மருத்துவர் எழுதிக்கொடுக்கும் 'டி.சி., டி.சி., ஈ.எஸ்.ஆர்.' நினைவிருக்கிறதா? அதில் இரண்டாவது டி.சி.யில் வெள்ளை அணுக்களை வகை பிரித்துச் சதவீதமாகத் தருவார்கள். பாலிமார்ஃப் என்று போட்டிருப்பதுதான் நியூட்ரோஃபில். அதை லிம்போசைட்டால் வகுத்தால் வருவது என்.எல்.ஆர். நம் சீட்டில் 72ஐ 18ஆல் வகுத்தால் 4. பல பத்தாண்டுகளாகக் காசு கொடுத்து வாங்கிக்கொண்டிருந்த இரண்டு எண்களை யாரும் வகுத்துப் பார்க்கவில்லை என்பதுதான் வேடிக்கை.

இதன் உறவினர்கள் சிலர் உண்டு. பிளேட்லெட்டை லிம்போசைட் எண்ணிக்கையால் வகுத்தால் பி.எல்.ஆர். 9,000இல் 18 சதவீதம் 1,620. ஆக 3,20,000ஐ 1,620ஆல் வகுக்க, ஏறக்குறைய 198. லிம்போசைட்டை மோனோசைட் என்ற இன்னொரு வகை வெள்ளை அணுவால் வகுப்பது எல்.எம்.ஆர்.; இது மட்டும் தலைகீழ், குறைந்தால்தான் கவலை. பிளேட்லெட்டை ஆயிரத்தில் எடுத்து என்.எல்.ஆர். உடன் பெருக்கினால் எஸ்.ஐ.ஐ.; 320ஐ 4ஆல் பெருக்க 1,280. சீனத்தில் கல்லீரல் புற்றுநோயாளிகளிடம் 2014இல் முன்வைக்கப்பட்ட இந்த அளவு பிறகு உணவுக்குழாய்க்கும் வந்தது.

ஒவ்வோர் ஆண்டும் புதிய பெயரோடு ஒரு விகிதம் வந்துகொண்டுதான் இருக்கிறது. அதே நான்கைந்து எண்களைக் கூட்டியும் பெருக்கியும் வகுத்தும் பார்க்கிறார்கள் என்பதால், ஐந்து விகிதங்களும் மோசமாக வந்தால் ஐந்து கெட்ட செய்திகள் என்று எண்ணிவிடக் கூடாது. ஒரே செய்தியை ஐந்து பேர் வந்து சொல்கிறார்கள், அவ்வளவுதான்.

சி.ஆர்.பி.யும் ஆல்புமினும் சேர்ந்த கிளாஸ்கோ மதிப்பெண் எப்படிப் போடுவது?

ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோ நகர ஆய்வாளர்கள் 2003இல் நுரையீரல் புற்றுநோயாளிகளுக்காக இதை வெளியிட்டார்கள். சி.ஆர்.பி. லிட்டருக்கு 10 மில்லிகிராமுக்கு மேல் இருந்தால் ஒரு மதிப்பெண். ஆல்புமின் டெசிலிட்டருக்கு 3.5 கிராமுக்குக் கீழே இருந்தால் இன்னொன்று. ஆக 0, 1, 2 என்று மூன்றே படிகள். அழற்சி இல்லாமல் ஆல்புமின் மட்டும் குறைந்திருப்பது அரிது, அதனால் ஆயுளில் பெரிய வேறுபாடு தெரியவில்லை என்று பிறகு கண்டதால், திருத்திய வடிவத்தில் சி.ஆர்.பி. கூடியிருந்தால்தான் ஆல்புமினைக் கணக்கில் எடுப்பார்கள். நம் கற்பனைச் சீட்டுக்கு இரண்டு முறையிலும் 2தான்.

என்னைக் கேட்டால், இந்தக் குடும்பத்திலேயே உருப்படியானது இதுதான். எல்லைகளை முன்கூட்டியே வகுத்துவிட்டார்கள். ஆய்வுக்கு ஆய்வு மாற்றிக்கொள்ள முடியாது.

ஜப்பானியர்கள் அதிகம் பயன்படுத்துவது ஓனோடெரா என்ற ஆய்வாளரின் ஊட்டக் குறியீடு, 1984ஐச் சேர்ந்தது. டெசிலிட்டர் கணக்கிலான ஆல்புமினைப் பத்தால் பெருக்கி, லிம்போசைட் எண்ணிக்கையை 0.005ஆல் பெருக்கி, இரண்டையும் கூட்ட வேண்டும். நமக்கு 34 உடன் 8.1 சேர்ந்து 42.1. வயிறு, குடல் அறுவைக்கு 45க்கு மேல் இருந்தால் நல்லது, 40க்குக் கீழே என்றால் வெட்டி இணைப்பதைத் தள்ளிப் போடுங்கள் என்பது அன்றைய அறிவுரை.

சி.ஆர்.பி. ஒரு சீட்டில் 18, இன்னொன்றில் 1.8. குறைந்துவிட்டதா?

அலகைப் பாருங்கள். லிட்டருக்கு 18 மில்லிகிராமும் டெசிலிட்டருக்கு 1.8 மில்லிகிராமும் ஒன்றேதான். ஆய்வகத்தை மாற்றினால் இந்தக் குழப்பம் அடிக்கடி வரும். ஆல்புமினிலும் இதே கதை: வெளிநாட்டுக் கட்டுரைகளில் 35 என்று போட்டிருப்பது நம்மூர்ச் சீட்டின் 3.5. பத்து மடங்கு குறைந்ததாக மகிழ்ந்தவர்களும் பத்து மடங்கு கூடியதாக உறக்கம் இழந்தவர்களும் உண்டு.

இந்த அளவுகள் உண்மையிலேயே ஆயுளை முன்கூட்டிக் காட்டுகின்றனவா?

கூட்டமாகப் பார்த்தால், ஆம். பலவகைப் புற்றுநோய்களில் என்.எல்.ஆர். பற்றி வந்த 100 ஆய்வுகளை, 40,559 நோயாளிகளை, ஒன்றாகச் சேர்த்து அலசிய தொகுப்பாய்வு ஒன்று 2014இல் வெளியானது. ஆய்வுகள் வைத்திருந்த எல்லைகளின் நடுமதிப்பு 4. எல்லைக்கு மேலிருந்தவர்களின் இறப்பு இடர், கீழிருந்தவர்களைப் போல 1.81 மடங்கு. உணவுக்குழாயில் மட்டும் நடந்த ஆய்வுகளும் பெரும்பாலும் அதே பக்கம்தான் கை காட்டுகின்றன: என்.எல்.ஆர்., சி.ஆர்.பி. கூடியிருந்தாலோ ஆல்புமின் குறைந்திருந்தாலோ, சராசரியாக விளைவு மோசம்.

1.81 மடங்கு என்றதும் ஆயுள் பாதியாகிவிடும் என்று படித்துவிடாதீர்கள். ஒரு குறிப்பிட்ட காலத்துக்குள் இரு கூட்டத்திலும் நிகழும் இறப்பு வேகங்களின் விகிதம் அது. ஒருவரின் நாள்காட்டியைப் பற்றி அது ஒன்றும் சொல்லவில்லை.

ஆய்வுகளின் தரத்தைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். மிகப் பெரும்பாலானவை சீனாவிலும் ஜப்பானிலும் பழைய கோப்புகளைப் புரட்டி எழுதப்பட்டவை. தங்கள் நோயாளிகளிடம் எந்த எல்லை நன்றாகப் பிரித்துக் காட்டுகிறது என்று தேடி எடுத்து, அதே நோயாளிகளிடமே அது வேலை செய்கிறது என்று காட்டுவது வழக்கம். ஒருவரை அளந்து தைத்த சட்டை அவருக்கே பொருந்துவதில் என்ன வியப்பு? அடுத்த ஊர்க்காரருக்குப் பொருந்துகிறதா என்று போட்டுப் பார்த்த ஆய்வுகள் குறைவு. ஒன்றும் தெரியவில்லை என்று முடிந்த ஆய்வுகள் அச்சேறும் வாய்ப்பும் குறைவு. ஆகவே உண்மையான விளைவு, அச்சில் வந்ததைவிடக் கொஞ்சம் சிறியதாகவே இருக்கும் என்று எடுத்துக்கொள்வது நல்லது.

அப்பாவுக்கு என்.எல்.ஆர். 4. எத்தனை மாதம் இருப்பார்?

இந்தக் கேள்விக்காகத்தான் பெரும்பாலோர் இந்தப் பக்கத்துக்கு வந்திருப்பீர்கள். இந்த எண்ணால் அதற்குப் பதில் சொல்ல முடியாது.

நூறு பேரை என்.எல்.ஆர். கூடியவர்கள், குறைந்தவர்கள் என்று இரண்டு வரிசையில் நிறுத்தினால், கூடியவர்கள் வரிசையில் இறப்புகள் முன்னதாக நிகழும். ஆனால் அந்த வரிசையில் பல ஆண்டுகள் நன்றாக வாழ்பவர்களும் இருப்பார்கள். குறைந்தவர்கள் வரிசையில் சில மாதங்களில் போய்விடுபவர்களும் இருப்பார்கள். இரண்டு வரிசைகளும் ஒன்றன்மேல் ஒன்று பெரும்பகுதி படிந்து கிடக்கின்றன. உங்கள் அப்பா எந்த வரிசையில் நிற்கிறார் என்று தெரிவதால், அந்த வரிசையில் அவர் எந்த இடத்தில் நிற்கிறார் என்று தெரிந்துவிடாது.

அதைவிடப் பல மடங்கு முக்கியமானவை: கட்டி உணவுக்குழாய்ச் சுவரில் எவ்வளவு ஆழம் போயிருக்கிறது, நிணநீர்க் கணுக்களில் எத்தனை பாதிக்கப்பட்டிருக்கின்றன, கல்லீரல், நுரையீரல் போன்ற இடங்களுக்குப் பரவியிருக்கிறதா, அவர் எவ்வளவு எடை இழந்திருக்கிறார், தானாக எழுந்து நடமாடுகிறாரா என்பவை. 4 என்ற எண்ணைப் பார்த்ததும் கேட்க வேண்டியது 'எத்தனை மாதம்?' என்பதைவிட 'ஏன் 4?' என்பதுதான். இருமல் இருக்கிறதா, காய்ச்சல் இருக்கிறதா, சொத்தைப் பல் இருக்கிறதா, எத்தனை நாளாக வெறும் கஞ்சி? அதற்குப் பெரும்பாலும் பதில் கிடைக்கும். பல நேரம் மருந்தும் உண்டு.

சரியான எல்லை எது? 3ஆ, 4ஆ, 5ஆ?

எல்லோரும் ஒப்புக்கொண்ட எல்லை இல்லை. உணவுக்குழாய் ஆய்வுகளிலேயே 2இலிருந்து 5 வரை பல எண்கள் இருக்கின்றன. மரபும் இதில் நுழைகிறது: ஆப்பிரிக்க வம்சாவளியினர் பலரின் சிவப்பணுக்களில் டஃபி என்ற புரதம் இருப்பதில்லை, அவர்களுக்கு நியூட்ரோஃபில் எண்ணிக்கை இயல்பாகவே குறைவு. உணவுக்குழாய்ப் புற்றுநோய் மிகுந்த கென்யா, மலாவி போன்ற நாடுகளுக்குச் சீனத்து எல்லையை அப்படியே கொண்டுபோக முடியாது என்பது இதிலிருந்தே தெரியும்.

எந்த நாளில் எடுத்த இரத்தத்தை வைத்துக் கணக்கிட வேண்டும்?

ஆய்வுகளில் சொல்லப்படுவது, சிகிச்சை தொடங்குவதற்கு முன், வேறு தொற்று எதுவும் இல்லாத நாளில் எடுத்த இரத்தம். அதற்குப் பின்னால் எடுத்ததை அதே அளவுகோலில் வைக்கக் கூடாது. ஏன் என்று கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன், ஏனென்றால் வீட்டில் நடக்கும் தவறுகளில் பெரும்பகுதி இங்கேதான்.

நியூட்ரோஃபில்கள் இரத்தத்தில் சில மணி நேரமே சுற்றுபவை. சி.ஆர்.பி.யின் அரை ஆயுள் ஏறக்குறைய 19 மணி நேரம். எனவே நேற்று இருந்தது இன்று இருக்க வேண்டும் என்பதில்லை. பேக்லிடாக்சல் கீமோவுக்கு முன் ஒவ்வாமையைத் தடுக்க டெக்ஸாமெத்தசோன் என்ற ஸ்டீராய்டு போடுவார்கள். அது சில மணி நேரத்தில் நியூட்ரோஃபிலை ஏற்றி லிம்போசைட்டை இறக்கிவிடும். மறுநாள் இரத்தம் எடுத்தால் நம் ஆளின் 72க்கு 18 என்பது 85க்கு 8 என்று மாறி, என்.எல்.ஆர். 10.6 ஆகிவிடலாம். நோய் ஒரே நாளில் இரண்டரை மடங்கு முற்றிவிட்டதா? இல்லை, ஊசி தன் வேலையைச் செய்திருக்கிறது. வெள்ளை அணு ஏற போடும் ஜி.சி.எஸ்.எஃப். ஊசியும் அப்படியே.

கதிர்வீச்சின் போது, ஊர்ப் பேச்சில் 'கரண்டு வைக்கும்போது', நடப்பது வேறு. உணவுக்குழாய் இதயத்துக்குப் பின்னால் ஓடுகிறது. கீழ்ப்பகுதிக் கட்டி என்றால் மண்ணீரலும் பக்கத்தில்தான். கதிர் பாயும் வழியில் உடம்பின் மொத்த இரத்தமும் மறுபடி மறுபடி கடந்து போகிறது. உடம்பிலேயே கதிர்வீச்சுக்கு மிக எளிதில் மடியும் அணுக்களில் லிம்போசைட்டும் ஒன்று. ஐந்து வாரச் சிகிச்சையில் லிம்போசைட் மளமளவென்று சரிவது மிகச் சாதாரணம். சிலருக்கு 200க்கும் கீழே போகிறது. அந்த அளவுக்குச் சரிந்தவர்களுக்கு விளைவு மோசமாக இருந்ததாக ஆய்வுகள் சொல்கின்றன. புரோட்டான் கதிர்முறையில் இந்தச் சரிவு குறைவு என்றும் தெரிகிறது. ஆனால் இதைக் கட்டி கிளப்பிய அழற்சியோடு போட்டுக் குழப்பக் கூடாது. அப்போது வரும் என்.எல்.ஆர். சிகிச்சையின் தடம்.

இந்த எண்ணை வைத்துச் சிகிச்சையை மாற்றுவார்களா?

மாற்றுவதில்லை, மாற்றவும் கூடாது. நோயின் கட்டத்தை நிர்ணயிக்கும் டி.என்.எம். முறையின் எட்டாம் பதிப்பில் கட்டியின் ஆழம், கணுக்கள், பரவல் ஆகியவற்றோடு அணுக்களின் முதிர்ச்சிப் படியும், உணவுக்குழாயின் உட்பூச்சு அணுக்களில் தோன்றும் செதிள் அணு வகைக்குக் கட்டி இருக்கும் இடமும் சேர்கின்றன. அழற்சி அளவு எதுவும் அதில் இல்லை.

இங்கே ஒரு நுணுக்கம் இருக்கிறது. விளைவு எப்படி இருக்கும் என்று சொல்லும் குறியீடு வேறு. எந்த மருந்து யாருக்குப் பலிக்கும் என்று சொல்லும் குறியீடு வேறு. என்.எல்.ஆர். முதல் வகை. நெதர்லாந்தில் நடந்த கிராஸ் ஆய்வை எடுத்துக்கொள்வோம். அறுவைக்கு முன் ஐந்து வாரம் கீமோவும் 41.4 கிரே கதிர்வீச்சும் கொடுத்தவர்களின் நடு ஆயுள் (பாதிப் பேர் உயிரோடு தாண்டிய காலம்) 49.4 மாதம்; நேரடியாக அறுவைக்குப் போனவர்களுக்கு 24 மாதம். என்.எல்.ஆர். கூடியவர்களுக்கு அந்தச் சிகிச்சை வேண்டாம் என்று சொல்ல எந்தச் சான்றும் இல்லை. 'எண் மோசமாக இருக்கிறதாம், இனி எதற்கு வீண் அலைச்சல்' என்று வீட்டுக்குக் கூட்டிப் போவதுதான் இந்த எண்ணால் விளையக்கூடிய மிகப் பெரிய கெடுதல்.

நோயெதிர்ப்பைத் தூண்டும் இம்யூனோதெரபிக்கு இந்த எண் உதவுமா?

நிவோலுமாப், பெம்ப்ரோலிசுமாப் போன்ற மருந்துகள் வேலை செய்வதே லிம்போசைட்டுகள் வழியாக. எனவே என்.எல்.ஆர். கூடியவர்களிடம் பலன் குறைவாகத் தெரிவது எதிர்பார்க்கத்தக்கதே. ஆனாலும் மருந்தைத் தேர்ந்தெடுக்கப் பார்ப்பது கட்டித் திசுவில் உள்ள பி.டி.-எல்.1 என்ற புரதத்தின் அளவைத்தான்.

நம் ஊரில் பார்ப்பது செதிள் அணு வகை என்கிறார்கள். அதற்கும் இது பொருந்துமா?

பொருந்தும், ஆய்வுகளில் பெரும்பாலானவை அந்த வகையைப் பற்றியவையே. இந்தியா, சீனா, ஈரான், கிழக்கு ஆப்பிரிக்கா எங்கும் செதிள் அணு வகைதான் மிகுதி. புகை, மது, வெற்றிலை பாக்கு எல்லாம் அதற்குத் தூண்டுதல்கள். மேற்கு நாடுகளில் எதுக்களிப்பும் உடல் பருமனும் கொண்டுவரும் சுரப்பி வகை அதிகம்.

மருத்துவமனையில் தினமும் சி.ஆர்.பி. எடுக்கிறார்கள். அதுவும் ஆயுளைக் கணிக்கத்தானா?

உணவுக்குழாயை அகற்றிய பிறகு என்றால், இல்லை. இரைப்பையை மேலே இழுத்து இணைத்த தையலில் கசிவு வருகிறதா என்று பார்க்கிறார்கள். அறுவை முடிந்த இரண்டாம், மூன்றாம் நாளில் சி.ஆர்.பி. உச்சம் தொட்டுப் பிறகு இறங்க வேண்டும். இறங்காமல் நின்றாலோ இறங்கி மீண்டும் ஏறினாலோ சி.டி. ஸ்கேனுக்கு அனுப்புவார்கள். 1930இல் நிமோனியா நோயாளிகளின் இரத்தத்தில் கண்டுபிடிக்கப்பட்ட இந்தப் புரதம், இந்த நோயில் நாள்தோறும் உயிர் காக்கும் இடம் இதுதான். ஆயுள் கணிப்புக் கட்டுரைகளை விட எனக்கு இதில் மரியாதை அதிகம்.

மஞ்சள் பால், ஆஸ்பிரின் என்று ஏதாவது கொடுத்து எண்ணைக் குறைக்கலாமா?

எண் குறைந்தால் ஆயுள் கூடும் என்று யாரும் நிரூபிக்கவில்லை. அழற்சியைத் தூண்டும் இன்டர்லூக்கின்-1 பீட்டா என்ற சேதி மூலக்கூறைத் தடுக்கும் கனகினுமாப் என்ற மருந்து ஒரு நல்ல பாடம். இதய நோயாளிகளிடம் நடத்திய ஆய்வில் நுரையீரல் புற்றுநோய் குறைந்தது என்று 2017இல் செய்தி வந்ததும் பெரிய எதிர்பார்ப்பு எழுந்தது. ஏற்கெனவே நுரையீரல் புற்றுநோய் உள்ளவர்களிடம் கொடுத்துப் பார்த்தபோது அது கைகொடுக்கவில்லை. ஆஸ்பிரினை, புற்றுநோய்ச் சிகிச்சை முடிந்தவர்களுக்கு, உணவுக்குழாய், இரைப்பைப் புற்றுநோயாளிகள் உட்பட, பிரிட்டன், அயர்லாந்து, இந்தியா ஆகிய நாடுகளில் பெரிய ஆய்வாகவே கொடுத்துப் பார்க்கிறார்கள். புண்ணான கட்டியிலிருந்து இரத்தம் கசியக்கூடியவருக்கு நீங்களாக வாங்கிக் கொடுக்காதீர்கள்.

குழம்பில் போடும் மஞ்சள் இருக்கட்டும். மஞ்சளிலிருந்து பிரித்தெடுக்கும் குர்குமின் மாத்திரை வேண்டாம்: குடலில் சரியாக உறிஞ்சப்படுவதில்லை, செறிவான மாத்திரைகளால் கல்லீரல் பாதிக்கப்பட்டவர்கள் உண்டு, கீமோ நேரத்தில் கல்லீரலைச் சோதிக்க வேண்டாம்.

ஆல்புமின் குறைவு என்று பாட்டிலாக ஏற்றச் சொல்கிறார்கள். முட்டை போதாதா?

ஏற்றினால் சில நாள் சீட்டில் எண் ஏறும். அழற்சியோ உடம்பின் கரைதலோ மாறாது. ஆல்புமினின் அரை ஆயுள் ஏறக்குறைய மூன்று வாரம். அழற்சி அடங்கிச் சாப்பாடு சேர்ந்தால் மெல்லத்தான் ஏறும். முட்டை நல்லதுதான், இறங்கினால். இறங்காதவருக்கு மூக்கு வழிக் குழாயோ, வயிற்றின் வழியே சிறுகுடலில் வைக்கும் குழாயோ போட்டு உணவு கொடுப்பதைத் தள்ளிப் போடாதீர்கள். 'குழாய் போட்டால் முடிந்தது கதை' என்ற பயம் பல வீடுகளில் இருக்கிறது. பல நேரம் சிகிச்சையை முழுதாக முடிக்க வைப்பதே அந்தக் குழாய்தான்.

ஈ.எஸ்.ஆர். 80 என்று இருக்கிறது. அதைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லையே?

இரத்தசோகை, வயது, வேறு தொற்று என எதற்கும் ஏறும் அளவு அது. ஏறினால் இறங்க வாரங்கள் ஆகும். இந்த நோயில் சி.ஆர்.பி. இருக்கும்போது அதைப் பார்த்துக்கொண்டிருக்கத் தேவையில்லை.

அடுத்த முறை மருத்துவரிடம் என்ன கேட்கலாம்?

சீட்டுகளைத் தேதி வாரியாக அடுக்கி, ஒவ்வொன்றின் மேலும் அன்று காய்ச்சல் இருந்ததா, ஸ்டீராய்டு போட்டார்களா, கீமோவின் எத்தனையாவது நாள் என்று பென்சிலால் குறித்துக்கொண்டு போங்கள். இந்த ஏற்றத்துக்குத் தொற்று காரணமாக இருக்குமா, மார்பு எக்ஸ்ரே எடுக்க வேண்டுமா, உணவியல் நிபுணரை எப்போது பார்க்கலாம், குழாய் இப்போதே வைக்கலாமா என்று கேளுங்கள். வாராவாரம் ஒரே தராசில் எடுத்த எடையையும் அதே தாளில் எழுதி வையுங்கள், மருத்துவர் என்.எல்.ஆரைப் பார்ப்பதற்கு முன் அதைத்தான் பார்ப்பார்.